நோய் இல்லாத நோயாளி: சிங்கப்பூரில் எஸ்.பி. ஆக விரும்புவோருக்கு

எனக்கு இதுவரை 11 முறை நெஞ்சுவலி வந்திருக்கிறது. 4 முறை கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னார்கள். ஒருநாள் காலை 9 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள் 19 பேர் வரிசையாக வந்து எனக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னார்கள். 19 தடவையும் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல் அதிர்ச்சி அடைந்தேன். மற்றபடி ஆண்டவன் புண்ணியத்தில் நன்றாகவே இருக்கிறேன். இரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம். அந்தக் கதை கடைசியில்.

நான் ஒரு எஸ்.பி. சிமுலேட்டட் பேஷன்ட் என்ற ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. பாவனை நோயாளி என்று தமிழில் சொல்லலாம், ஆனால் அங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை, எஸ்.பி.தான். மருத்துவ மாணவர்கள் உண்மையான நோயாளியிடம் போவதற்கு முன்னால் பேசிப் பழக ஓர் ஆள் வேண்டும். நோயாளி போல உட்கார்ந்து, கேட்டதற்குப் பதில் சொல்லி, பேசி முடித்ததும் “நீங்கள் பேசியது எனக்கு எப்படி இருந்தது” என்று சொல்கிற ஆள். எங்கள் புளோக்கில் இது தெரிந்த நாளிலிருந்து மூன்று நான்கு பேர் “அக்கா, நானும் வரலாமா, என்ன செய்யணும்?” என்று கேட்டுவிட்டார்கள். லிஃப்ட் வருவதற்குள் சொல்லி முடிக்கிற சமாச்சாரம் இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

சேர்வதற்கு முன்

சிங்கப்பூரில் மருத்துவர்களை உருவாக்கும் பள்ளிகள் மூன்று. 1905இல் தொடங்கிய மரபு உள்ள, கெண்ட் ரிட்ஜில் இருக்கும் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளி. ஊட்ரம் வளாகத்தில் இருக்கும் டியூக்-என்யுஎஸ். 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்த லீ கோங் சியான் மருத்துவப் பள்ளி, அதற்கு நொவினாவில் ஒரு வளாகம் உண்டு. மூன்றுமே எஸ்.பி.க்களைப் பயன்படுத்துகின்றன. ஆள் எடுக்கும்போது அவரவர் இணையத்தளத்தில் விண்ணப்பப் படிவம் இருக்கும். நிரப்பி அனுப்பினால் பேசிப் பார்ப்பார்கள், அப்புறம் பயிற்சி.

நடிப்பு அனுபவம் தேவையா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். தேவையில்லை. சில நேரம் அது இடைஞ்சல்கூட. மேடை ஏறிப் பழகியவர்கள் கடைசி வரிசைக்கும் தெரியும்படி வலியைக் காட்டுவார்கள். இங்கே பார்வையாளர் ஒருவர்தான், அவரும் மூன்று அடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். ஓய்வுபெற்றவர்கள், இல்லத்தரசிகள், பகுதிநேர வேலை பார்ப்பவர்கள் என்று பலதரப்பட்டவர்களும் வருகிறார்கள். வயதும் தோற்றமும் கலந்திருப்பதுதான் அவர்களுக்கு வேண்டும்.

முக்கியமாக வேண்டியவை மூன்று. ஆங்கிலம் ஓரளவு சரளமாக வரவேண்டும், ஏனென்றால் பயிற்சியும் தேர்வும் ஆங்கிலத்தில்தான். வார நாளில் பகல் நேரம் கையில் இருக்கவேண்டும். ஞாபகசக்தி வேண்டும். மூன்றாவதைத்தான் பலர் குறைத்து எடைபோடுகிறார்கள்.

பெரும்பாலும் ஒரு தொகை தருவார்கள். எவ்வளவு என்பது இடத்தையும் வேலையையும் பொறுத்தது, கூச்சப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: காசு வாங்கிச் செய்யும் எதுவும் வேலைதான். டிபெண்டன்ட் பாஸில் (இங்கே வேலை பார்ப்பவரின் குடும்பத்தாருக்குத் தரும் அனுமதி) இருப்பவர்கள் வேலை செய்யவேண்டுமானால் தனியாக வேலை அனுமதி பெறவேண்டும் என்பது 2021 மே முதல் நடைமுறையில் உள்ள விதி. உங்கள் பாஸ் எதுவோ அதை விண்ணப்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்குவார்கள். அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக்கூடாது. கேஸ் தாள், அதாவது நீங்கள் ஏற்கவேண்டிய நோயாளியின் விவரம் எழுதிய தாள், தேர்வு வினாத்தாள் மாதிரி. தங்கை மகன் அதே பள்ளியில் படித்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இந்த வேலை எங்கிருந்து வந்தது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1963இல் அமெரிக்காவில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் இதைத் தொடங்கினார். ஓவியர்களுக்கு மாடலாக இருந்த ஒரு பெண்ணைக் கால்கள் செயலிழந்த நோயாளியாக இருக்கப் பழக்கினார். பரிசோதனை செய்த மாணவர் எப்படி நடந்துகொண்டார் என்று அந்தப் பெண்ணிடமே கேட்டார். அந்தக் கடைசிப் பகுதிதான் புதுமை. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரோனல்ட் ஹார்டன் என்பவர் ஒரு தேர்வு முறையைக் கொண்டுவந்தார். மாணவர்கள் ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்ததற்கு மணி அடித்ததும் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. அதற்குப் பெயர் ஆஸ்கி. நாம் உட்காரப்போவது அந்த ஸ்டேஷன்களில் ஒன்றில்.

கேஸ் தாள் கைக்கு வந்ததும்

உண்மைக் கேஸ் எதையும் வெளியில் சொல்லக்கூடாது. அதனால் நானே ஒன்றை இட்டுக்கட்டுகிறேன்.

சரோஜா, 58 வயது. உணவங்காடி நிலையத்தில் ஒரு கடையில் பாத்திரம் கழுவுகிறார். மூன்று வாரமாகத் தலைசுற்றல். இரத்த அழுத்தத்துக்குப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மாத்திரை தந்திருக்கிறார்கள். தலைசுற்றல் அந்த மாத்திரையால்தான் என்று அவரே முடிவுசெய்து அதைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறார். ஊரிலிருந்து அண்ணி கொடுத்தனுப்பிய ஒரு பொடியைத் தினமும் வெந்நீரில் கலந்து குடிக்கிறார். மனசுக்குள் ஒரு பயம்: அவருடைய அம்மா இதே வயதில் பக்கவாதம் வந்து விழுந்தார்.

இதைப் படித்ததும் பெரும்பாலான புதியவர்கள் மனப்பாடம் செய்ய ஆரம்பிக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பென்சிலை எடுத்து ஒவ்வொரு தகவலுக்குப் பக்கத்திலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடுங்கள். ஒன்று: தானாகவே சொல்வது. இரண்டு: பொறுமையாக, திறந்த கேள்வியாகக் கேட்டால் சொல்வது. மூன்று: குறிப்பாக அதையே கேட்டால் மட்டும் சொல்வது. சில தாள்களில் அவர்களே பிரித்துத் தந்திருப்பார்கள். பிரிக்காவிட்டால் பயிற்சியாளரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், சுயமாக முடிவுசெய்யாதீர்கள்.

தலைசுற்றல் ஒன்று. அம்மாவின் பக்கவாதம் இரண்டு. பாதி மாத்திரை மூன்று. பொடி?

பொடியில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். மாணவர் “வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்பார். புது எஸ்.பி. “ஆமாம், ஒரு பொடி” என்று சொல்லிவிடுவார், கேட்டுவிட்டாரே என்று. ஆனால் சரோஜாவுக்கு அது மருந்தே இல்லை. மருந்து என்றால் பலதுறை மருந்தகத்தில் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருவது. பொடி என்பது வீட்டுச் சாமான், மஞ்சள் டப்பாவுக்குப் பக்கத்தில் இருப்பது. நம் வீடுகளில் கஷாயத்தையும் லேகியத்தையும் யார் மருந்துக் கணக்கில் சேர்க்கிறார்கள்? ஆகவே சரோஜா நிஜமாகவே “இல்லை” என்பார். பொய் சொல்லவில்லை. “நாட்டு மருந்து, ஊரிலிருந்து வந்தது, கஷாயம், பொடி, இப்படி ஏதாவது?” என்று கேட்கிற மாணவருக்குத்தான் அது கிடைக்கும்.

இந்த இடத்தில் மனம் இளகும். எதிரே இருப்பது 21 வயதுப் பிள்ளை, கை லேசாக நடுங்குகிறது, நம் வீட்டுப் பிள்ளை மாதிரி. கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கொடுக்காதீர்கள். இன்று நீங்கள் இலவசமாகக் கொடுத்த பொடியை அந்தப் பிள்ளை நாளைக்கு உண்மையான சரோஜாவிடம் கேட்கப்போவதில்லை.

அறைக்குள்

கதவு தட்டுவார்கள், உள்ளே வருவார்கள், பெயர் சொல்வார்கள். உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்கவேண்டும், பல பேர் கேட்காமலே “ஆண்ட்டி” என்பார்கள். எனக்கு ஆண்ட்டி பிடிக்கும். சிங்கப்பூரில் ஐம்பதைத் தாண்டிய யாரும் ஆண்ட்டியாகவோ அங்கிளாகவோதான் வாழவேண்டும். ஆனால் சரோஜாவுக்குப் பிடிக்குமா என்பது வேறு கேள்வி.

முதல் கேள்வி வரும்: “இன்று என்ன விஷயமாக வந்தீர்கள்?” உங்கள் தாளில் ஒரு தொடக்க வாக்கியம் இருக்கும். அதைச் சொல்லுங்கள். நிறுத்துங்கள். வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள்.

ஏன் இவ்வளவு கறாராக இருக்கச் சொல்கிறேன் என்றால், மருத்துவர்-நோயாளி உரையாடலை ஆராய்ந்தவர்கள் இந்த இடத்தை நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். 1984இல் பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் அமெரிக்காவில் 74 சந்திப்புகளைப் பதிவுசெய்து கேட்டார்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டார். சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடித்தவர்கள் நூற்றுக்கு 23 பேர்தான். 1999இல் இன்னொரு குழு பார்த்தபோது 18 என்பது 23 விநாடி ஆகியிருந்தது. அதே ஆய்வில் ஒரு வேடிக்கை: குறுக்கிடப்படாமல் பேசி முடித்தவர்கள் மற்றவர்களைவிட எடுத்துக்கொண்ட கூடுதல் நேரம் சராசரியாக 6 விநாடி. 2002இல் சுவிட்சர்லாந்தில் 335 நோயாளிகளைத் தடுக்காமல் பேசவிட்டார்கள். சராசரியாக ஒன்றரை நிமிடத்தில் அவர்களாகவே முடித்துவிட்டார்கள். விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்று நம்மைப் பற்றி உள்ள பயம் அவ்வளவு ஆதாரமுள்ளது இல்லை. (என் மாமியாரை அவர்கள் சந்திக்கவில்லை என்பதும் உண்மை.)

ஆக, நீங்கள் நிறுத்திய பிறகு மாணவர் “ம்… சொல்லுங்கள்” என்று விட்டால் இரண்டாம் எண் தகவல்கள் ஒவ்வொன்றாக வெளியே வரலாம். “எப்போதிலிருந்து? வாந்தி உண்டா? காது வலி உண்டா?” என்று கேள்விகளை அடுக்கினால் ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். அந்த உரையாடல் எப்படிக் காய்ந்துபோகிறது என்பதை மாணவரே உணர்வார்.

பேசும்போது மாணவர் கணினித் திரையைப் பார்த்தால் நீங்கள் பாதியில் நின்றுவிடலாம். உண்மை நோயாளியும் அதைத்தான் செய்கிறார். ஆனால் மிகைப்படுத்தாதீர்கள். நான் முதல் மாதத்தில் ஒருநாள் “பயம்” என்ற குறிப்பைப் பார்த்துவிட்டு அழுதே விட்டேன். மாணவி பயந்துபோய் டிஷ்யூ பெட்டியைத் தேடி எழுந்து போய்விட்டாள், ஸ்டேஷனே முடிந்துபோனது. தாளில் அழவேண்டும் என்று இல்லை. பயிற்சியாளர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது: பயத்தைக் காட்டவேண்டாம், மறையுங்கள், மறைத்தால்தான் அவர்கள் தேடுவார்கள்.

முடிக்கும் நேரத்தில் இன்னொரு கேள்வி வரும். அதன் வார்த்தையைக் கவனியுங்கள். 2007இல் அமெரிக்காவில் ஹெரிட்டேஜ் என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவும் 20 குடும்ப மருத்துவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். வேறு ஏதாவது உண்டா என்பதை ஆங்கிலத்தில் இரண்டு விதமாகக் கேட்கலாம். ‘எனி’ போட்டுக் கேட்டால் பதில் ‘இல்லை’ பக்கம் சாயும். ‘சம்’ போட்டுக் கேட்டால் ‘ஆமாம்’ பக்கம் சாயும். ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம், ஆனால் இரண்டாவது விதத்தில் கேட்டபோது நோயாளிகள் சொல்லாமல் விட்டுப்போகும் கவலைகள் பெருமளவு குறைந்தன. தமிழில் இதை நாம் இன்னும் நன்றாகவே செய்வோம். “வேறொன்றும் இல்லையே?” என்று கேட்டுப் பாருங்கள், அந்த ஏகாரமே கதவைச் சாத்திவிடும். “வேறென்ன இருக்கு, சொல்லுங்கம்மா” என்றால் சரோஜா தன் அம்மாவின் பக்கவாதத்தைச் சொல்லிவிடுவார்.

“புரிந்ததா?” “சரி டாக்டர்.”

விளக்கம் சொல்லும் கேஸ்களில் நமக்கு ஒரு கெட்ட பழக்கம் குறுக்கே வரும்: தலையாட்டல். புரியாவிட்டாலும் “சரி டாக்டர், சரி டாக்டர்” என்போம். மரியாதைக்காகச் செய்வது அது. மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 விழுக்காடு வரை நோயாளி உடனே மறந்துவிடுகிறார் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அதனால் மாணவர்களுக்கு ஓர் உத்தி சொல்லித் தருகிறார்கள். சொன்னதை நோயாளியின் வாயாலேயே திருப்பிச் சொல்லவைப்பது. “நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கவேண்டும், வீட்டுக்குப் போய் மகளிடம் எப்படிச் சொல்வீர்கள்?”

அப்படிக் கேட்டால் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்லாதீர்கள். இந்த மாணவர் இந்த அறையில் சொன்னதை மட்டும், சொன்ன அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். பத்தாவது மாணவர் வரும்போது விளக்கம் முழுவதும் உங்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும், அங்கேதான் ஆபத்து. நான் ஒவ்வொரு மணிக்கும் இடையில் ஒரு வாய் தண்ணீர் குடித்து, “சரோஜாவுக்கு ஒன்றும் தெரியாது” என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

சம்மதம் கேட்கும் கேஸ்களிலும் இப்படித்தான். மருத்துவர் நோயாளிக்கு என்னென்ன சொல்லவேண்டும் என்பது பற்றி இங்கே 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. பிறகு 2022 ஜூலை 1 முதல் சட்டமே திருத்தப்பட்டது. மருத்துவர் ஆலோசனை சொல்லும்போது அந்தக் குறிப்பிட்ட நோயாளிக்கு முக்கியமானது எது என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்பது அதில் உண்டு. அதனால் அறுவைச் சிகிச்சை கேஸ் ஒன்றில் நீங்கள் தையல்காரியாக இருந்தால், “விரல் மரத்துப்போக வாய்ப்பு உண்டு” என்பது உங்கள் சோற்றுப் பிரச்சினை. மாணவர் உங்கள் தொழிலைக் கேட்டாரா, கேட்டதை இதோடு கோத்தாரா? அதைப் பாருங்கள்.

பின்னூட்டம்: உண்மையான வேலை இதுதான்

தேர்வில் மணி அடித்ததும் எல்லாம் முடிந்துவிடும், சில சமயம் மதிப்பெண் தாளில் ஒரு கட்டத்தை நிரப்பச் சொல்வார்கள். பயிற்சி வகுப்பில் அப்படி இல்லை. மாணவர் எதிரில் உட்கார்ந்திருப்பார், அவருடைய நண்பர்கள் சுற்றி இருப்பார்கள், ஆசிரியர் உங்களைப் பார்த்து “உங்களுக்கு எப்படி இருந்தது?” என்பார்.

நம்மவர்கள் இங்கே இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். “ரொம்ப நல்லா பேசினாங்க, நல்லா வருவாங்க” என்று ஆசீர்வாதம். இல்லையென்றால், அதுவும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களாக இருந்தால், ஒரு முழு அறிவுரை. இரண்டாலும் பயன் இல்லை. நீங்கள் மருத்துவத்துக்கு மார்க் போட அங்கே இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நீங்கள்தான், அங்கிருந்து தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

நான் கடைப்பிடிக்கும் அமைப்பு இது. எந்தத் தருணம், நீங்கள் செய்தது என்ன, எனக்குள் என்ன நடந்தது. உதாரணமாக: “அம்மாவைப் பற்றிச் சொன்னபோது நீங்கள் பேனாவைக் கீழே வைத்தீர்கள். அப்போது எனக்கு இன்னும் சொல்லலாம் என்று இருந்தது.” அல்லது: “மாத்திரையைப் பாதியாகச் சாப்பிடுகிறேன் என்றதும் ‘அப்படிச் செய்யக்கூடாது’ என்றீர்கள். சரிதான். ஆனால் திட்டு வாங்கிய மாதிரி இருந்தது, அதற்கப்புறம் நான் பொடியைப் பற்றி வாயைத் திறந்திருக்க மாட்டேன்.” அன்பு இல்லை, அக்கறை இல்லை என்று குணத்தின்மேல் போகவே கூடாது. பேனா, கண், நாற்காலி, வார்த்தை, இவைதான் மாணவர் மாற்றிக்கொள்ளக்கூடியவை.

நாற்காலி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2012இல் அமெரிக்காவின் கேன்சஸில் ஓர் ஆய்வு. முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களைப் பார்க்க வந்த மருத்துவர் சிலரிடம் நின்றபடியும் சிலரிடம் உட்கார்ந்தும் பேசினார். நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். உட்கார்ந்து பேசியபோது நோயாளிகளுக்கு அவர் அதிக நேரம் இருந்ததாகத் தோன்றியது. இதை எந்த மாணவரிடம் சொன்னாலும் அடுத்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

இத்தனையையும் பேசும்போதே எப்படி ஞாபகம் வைப்பது? எழுதக்கூடாது, நோயாளி குறிப்பு எடுப்பாரா? நான் விரல்களில் வைக்கிறேன். நல்ல தருணம் வந்தால் கட்டைவிரலால் ஆள்காட்டி விரலை அழுத்துவேன், உறுத்தியது நடந்தால் நடுவிரலை. ஒரு சந்திப்புக்கு மூன்றுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை, மூன்றுக்கு மேல் சொன்னால் எதிரில் இருப்பவருக்கும் ஏறாது.

தமிழ் தெரிந்தவருக்குக் கூடுதலாக ஒரு வேலை

பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் நாம் உள்ளே கொண்டுபோகும் உடம்பு தமிழில் வலிக்கிறது. சிங்கப்பூர் ஆங்கிலத்தில் எல்லாத் தலைசுற்றலுக்கும் ‘கிடி’ என்று ஒரே சொல். தமிழில் பாருங்கள்: அறை சுற்றுகிறது, தலை கிறுகிறுக்கிறது, கண் இருட்டிக்கொண்டு வருகிறது, ஆளைத் தள்ளுகிறது. ஒவ்வொன்றும் மருத்துவருக்கு வெவ்வேறு திசையைக் காட்டும். நெஞ்சும் அப்படித்தான். கரிக்கிறது, அடைக்கிறது, சுருக்கென்று குத்துகிறது, படபடக்கிறது. பயிற்சியாளர் அனுமதித்தால் இந்த வேறுபாடுகளை ஆங்கிலத்திலும் விடாமல் கொண்டுவரப் பாருங்கள்: “கிடி” என்று தொடங்கி, மாணவர் “எப்படி இருக்கும், கொஞ்சம் சொல்லுங்கள்” என்று கேட்டால் கண் இருட்டுவதைச் சொல்லுங்கள்.

தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ஆனாலும் பலதுறை மருந்தகத்தில் உங்கள் மருத்துவருக்குத் தமிழ் தெரியவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு தாதியைக் கூப்பிடுவார்கள், அல்லது பிள்ளைகள் மொழிபெயர்ப்பார்கள். அம்மா இரண்டு நிமிடம் பேசுவார், மகன் “தலைவலியாம்” என்று ஒரு வார்த்தையில் முடிப்பார். 2020இல் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் கோவிட் பரவியபோது, வங்காளம் மட்டுமே தெரிந்த ஊழியர்களிடம் பேச முடியாமல் மருத்துவர்கள் தவித்தார்கள். மருத்துவம் படித்து முடித்த ஓர் இளம்பெண் அவர்களுக்காக வங்காள மொழிபெயர்ப்பு இணையத்தளம் ஒன்றை அவசரமாக உருவாக்கினார். மொழி ஒரு மருத்துவக் கருவி என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

மொழிபெயர்ப்பாளர் இருக்கும் கேஸ் கிடைத்தால் மாணவர் யார் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார் என்று கவனியுங்கள். மகனைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தால், நடுவில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அது எப்படி இருந்தது என்பதுதான் அன்றைய பின்னூட்டம்.

கனமான கேஸ்கள்

புற்றுநோய் என்று சொல்லும் கேஸ்கள் வரும். கெட்ட செய்தியைச் சொல்ல மாணவர்களுக்கு ஆறு படிகள் கொண்ட ஒரு முறை கற்றுத் தரப்படுகிறது, 2000இல் வெளியான அதன் பெயர் ஸ்பைக்ஸ். இடத்தை ஒழுங்குசெய்வது, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, பிறகு சொல்வது, உணர்ச்சிக்கு இடம் தருவது, அடுத்து என்ன செய்வது என்று பேசுவது. ஐந்தாவது படியில்தான் பெரும்பாலும் வழுக்கும். “சாரி” என்று சொன்ன கையோடு சிகிச்சை விவரங்களுக்குள் பாய்ந்துவிடுவார்கள். உங்கள் வேலை பேசாமல் இருப்பது. அமைதியை நீங்கள் நிரப்பாதீர்கள்.

மகள் வேடமும் வரலாம். “டாக்டர், அம்மாகிட்ட சொல்லாதீங்க, தாங்கமாட்டாங்க.” இதற்கு நடிப்பே தேவைப்படாது, நம் வீடுகளில் கேட்டுக் கேட்டுப் பழகிய வசனம். மாணவர் சட்டம் பேசினால் எதிர்த்து நில்லுங்கள். “அம்மாவைப் பற்றி உங்களுக்கு என்ன பயம்?” என்று கேட்டால் இறங்கி வாருங்கள்.

உங்கள் வீட்டில் அண்மையில் நடந்ததைப் போன்ற கேஸ் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். என் அப்பா இறந்த வருடத்தில் நான் மூன்று மாதம் புற்றுநோய்க் கேஸ் எதையும் தொடவில்லை. முடிந்ததும் வேடத்தைக் கழற்றுவதற்கு ஒரு சடங்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் முகம் கழுவி, என் சொந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, கீழே காப்பிக்கடையில் ஒரு தே (தேநீர்) குடித்துவிட்டுத்தான் ரயில் ஏறுவேன்.

பையில் என்ன இருக்கவேண்டும்

கார்டிகன். அந்த அறைகளின் குளிர் வேறு ஜாதி. தளர்வான கையுள்ள சட்டை, அழுத்தம் பார்க்கவும் ஸ்டெதஸ்கோப் வைக்கவும் வசதியாக இருக்கும். எந்தப் பரிசோதனைக்குச் சம்மதம், எதற்கு இல்லை என்பதை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள், மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் தருவது பிடிக்காமல் போகலாம், தயிர்ச்சாதம் பிழைத்துக்கொள்ளும். கண்ணாடி, தண்ணீர். வாசனைத் தைலம் வேண்டாம், 19 பேர் மூச்சு விடவேண்டிய அறை.

சரி, இரத்த அழுத்தக் கதை.

இரண்டு வருடம் முன்பு ஒரு தேர்வு. தாளில் என் இரத்த அழுத்தம் சாதாரணம் என்று எழுதியிருந்தது. 12ஆவதாக வந்த மாணவி கையில் பட்டையைக் கட்டி, காற்றடித்து, கேட்டு, மறுபடியும் அடித்தாள். முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, “ஆண்ட்டி, இது கேஸில் இருக்கா?” என்றாள். 168க்கு 96. கேஸில் இல்லை. வேடத்தை விட்டு வெளியே வரக்கூடாது என்பது விதி, அதனால் “தெரியலையேம்மா” என்றேன். மணி அடித்ததும் ஊழியரிடம் சொன்னேன், என்னை நிறுத்தி உட்காரவைத்துவிட்டு மாற்று ஆளைப் போட்டார்கள்.

அடுத்த திங்கள் மருத்துவரைப் பார்க்கப் போனேன். பொறுமையான மனிதர். கேட்டார், கேட்டுக்கொண்டார், உட்கார்ந்துதான் பேசினார். “வேறு மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா?” என்றார்.

“இல்லை டாக்டர்” என்றேன்.

கதவுக் கைப்பிடியில் கை வைத்த பிறகுதான், ஆறு மாதமாகத் தினமும் காலையில் நான் குடிக்கும் பொடி நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.